எல்ம் மரத்தில் இப்போது வாள் வைக்காதீர்கள்

கேள்வி: ஐயா, வினிபெக்கில் போன மாரியில், பனிக்காலத்தில், ஒரு பழைய வீடு வாங்கினோம். முற்றத்தில் பெரிய எல்ம் மரம். ஒரு கொப்பு கூரையில் உரசுகிறது. உச்சியில் ஒரு கிளையில் மட்டும் இலைகள் சுருண்டு பழுப்பாகின்றன. தண்ணீர் போதாதா? இரண்டையும் இந்தக் கிழமையே வெட்டிவிடலாமா? (ஜூன் கடைசியில் வந்த கடிதம்)

பதில்: தங்கச்சி, கைவாளைத் திரும்ப நிலவறையில் வையுங்கள். உங்கள் மாகாணமான மனிடோபாவில் ஏப்ரல் 1 முதல் ஜூலை 31 வரை எல்ம் கிளை வெட்டுவது சட்டப்படி தடை. புது வெட்டின் மணத்துக்கு எல்ம் பட்டை வண்டு வரும். டச்சு எல்ம் நோயின் பூஞ்சையைச் சுமந்துவருவதும் அதேதான்.

கூரையில் உரசும் கொப்பு மாரி வரை பொறுக்கும். உச்சிக் கிளைதான் எனக்குப் பயம். தண்ணீர் போதாவிட்டால் மரம் முழுக்கச் சோரும். ஒரு கிளை மட்டும் வாடாது. இந்தப் பூஞ்சை நீர் ஏறும் குழாய்களுக்குள் போகிறது, மரம் அதைத் தடுக்கத் தன் குழாய்களைத் தானே அடைக்கிறது. கீழே ஈரம் இருக்க, மேலே தாகத்தில் சாகிறது. நோயுள்ள சுள்ளியின் பட்டையை உரித்தால் உள்ளே பழுப்புக் கோடுகள் தெரியும். பார்க்கிறேன் என்று நீங்களே வெட்டவேண்டாம். இன்றே மாநகரசபையின் 311 எண்ணுக்கு அழைத்துச் சொல்லுங்கள். பக்கத்திலும் எல்ம் நின்றால் அதையும் சொல்லுங்கள், அருகருகே நிற்கும் எல்ம்களின் வேர்கள் ஒட்டிக்கொள்ளும், நோய் அந்த வழியாலும் போகும்.

பெயரைப் பார்த்து ஒல்லாந்தரைத் திட்டாதீர்கள். நமக்கு அவர்கள் செய்தது வேறு கதை. 1920களில் இந்த நோயின் காரணத்தை ஆராய்ந்து கண்டுபிடித்தவர்கள் பேயா ஸ்வார்ட்ஸ், கிறிஸ்டைன் பௌஸ்மன் போன்ற ஒல்லாந்துப் பெண்கள். அதற்குக் கிடைத்த பரிசு இந்தப் பெயர்.

இன்னொன்று. மரத்தை எடுக்கவேண்டி வந்தால் ஒரு கட்டை விறகுகூட வைத்துக்கொள்ளாதீர்கள். மரம் வெட்டும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த வருடம், பட்டையோடு எல்ம் கட்டைகள் கொண்டுவந்து கராஜுக்குப் பின்னால் அடுக்கினேன். பிளக்கவே ஏலவில்லை, நார் பின்னிக் கிடக்கும், கோடாலி சிக்கிக்கொள்ளும். அப்படியே விட்டுவிட்டேன். அடுத்த கோடையில் பட்டை முழுக்க ஊசி குத்தினது போல ஓட்டைகள், உரித்தால் உள்ளே வண்டு அரித்த வாய்க்கால்கள். இரண்டு கோடைக்குப் பிறகு பக்கத்து வீட்டு அம்மாவின் எல்ம் போனது. என் விறகிலிருந்துதான் வண்டு போனது என்று நிரூபிக்க ஏலாது. அவவும் ஒன்றும் கேட்கவில்லை. மரம் நின்ற அந்த வெட்டைக்குப் பக்கத்தால் நான்தான் நிமிராமல் போவேன். எல்ம் விறகு சேமிப்பதும் இங்கே சட்டவிரோதம் என்று பிறகுதான் தெரிந்தது.

கேள்வி: ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் வேலியோரம் காசு மாதிரி தட்டையான விதைகள் விழுந்து முளைத்திருக்கின்றன. எல்ம் என்கிறார்கள். வளர்க்கலாமா?

பதில்: முதலில் எந்த எல்ம் என்று பாருங்கள். இலை சிறிதாக, அடிப்பக்கம் இருபுறமும் சமமாக இருந்தால் அநேகமாகச் சைபீரிய எல்ம். கிளை லேசில் முறியும், ஊரெல்லாம் முளைக்கும். பிடுங்கிவிடலாம். இலை பெரிதாக, சொரசொரப்பாக, அடி ஒருபக்கம் கோணியிருந்தால் அமெரிக்க எல்ம். அதுவும் தானாக முளைத்ததென்றால் நோயைத் தாங்கும் என்று நம்பேலாது. (வன்னிக் காட்டில் இதே குடும்பத்து மரம் ஒன்று உண்டு, தமிழ்நாட்டில் ஆயா மரம் என்பார்கள். அதன் விதையும் இந்தக் காசுதான்.)

எல்ம்தான் வேண்டுமென்றால் 'பிரின்ஸ்டன்' அல்லது 'வேலி ஃபோர்ஜ்' என்ற அமெரிக்க எல்ம் வகைக் கன்று வாங்குங்கள். இரண்டும் நோயை நன்றாகத் தாங்கும், ஆனால் வராது என்று சொல்லேலாது. வேலி ஃபோர்ஜ் சிறுவயதில் தலைவிரிகோலமாக வளரும். கூர்மையான, லேசில் பிளக்கும் கவட்டையாகப் பிரியும் கிளைகளில் ஒன்றை முதல் சில வருடங்களிலேயே, மாரியில் எடுத்துவிடவேண்டும். 2013 டிசம்பர் பனிமழையில் ரொறொன்ரோவில் எத்தனை மரம் முறிந்தது என்று பார்த்தீர்கள்தானே.

நடும்போது வேர் விரியும் இடம் மண்ணுக்கு மேலே தெரியட்டும். மண்ணை மூடப் போடும் மரச்சீவலை அடிமரத்தோடு மலைபோலக் குவிக்கவேண்டாம், ஒரு கை அகலம் தள்ளிப் போடுங்கள். முதல் இரண்டு மூன்று கோடை கிழமைக்கு ஒருமுறை ஆழமாக நனைய ஊற்றுங்கள். அப்புறம், மின்கம்பிக்குக் கீழே நடாதீர்கள். இது இருபது மீற்றருக்கு மேல் போகிற மரம்.