‘எளிய நடை’ என்றால் எத்தனை மீட்டர் ஏற்றம்?

கேள்வி: எனக்கு 61 வயது, கணவருக்கு 66. மே மாதம் பிரான்சின் தோர்தோஞ் பள்ளத்தாக்கில் ஏழு நாள் நடைப்பயணம் போக ஆசை. பழைய கோட்டைகளையும் கிராமங்களையும் பார்த்தபடி நடக்கலாம், பெட்டிகளை அவர்களே அடுத்த விடுதியில் சேர்த்துவிடுவார்கள். ‘எளிய நடை, நாளுக்கு 12 கிலோமீட்டர்’ என்று விளம்பரத்தில் இருக்கிறது. தினமும் ரேஸ்கோர்ஸில் இரண்டு சுற்று நடக்கிறோம். எனக்கு வலது முழங்காலில் தேய்மானம் உண்டு. 30 சதவீதம் முன்பணம் இப்போதே கேட்கிறார்கள். கட்டலாமா?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இன்னும் கட்டாதீர்கள். முதலில் ஒரு கணக்கைக் கேட்டு வாங்குங்கள்: ஒவ்வொரு நாளும் மொத்தம் எத்தனை மீட்டர் ஏற வேண்டும், எத்தனை மீட்டர் இறங்க வேண்டும்? பிரெஞ்சுக்காரர்கள் இதைத் ‘தெனிவ்லே’ என்பார்கள். ஒழுங்காக வழித்தடம் போட்டவர்களிடம் இந்த எண் கட்டாயம் இருக்கும். தர முடியவில்லை என்றால் அவர்களிடம் வாங்காதீர்கள்.

ரேஸ்கோர்ஸ் சமதளம். கோட்டைகளோ உயரத்தில்தான் இருக்கும். அதற்காகத்தானே அங்கே கட்டினார்கள். பெய்னாக் கோட்டை தோர்தோஞ் ஆற்றுக்கு மேல் சுமார் 150 மீட்டர் உயரப் பாறையின் விளிம்பில் நிற்கிறது. ஆற்றங்கரையிலிருந்து அதற்குப் போகும் வழி கல் பாவிய செங்குத்தான சந்து. அக்கரையில், பார்வை எட்டும் தூரத்தில் காஸ்தல்நோ கோட்டை. நூறாண்டுப் போரில் (1337-1453) பெய்னாக் பிரெஞ்சு மன்னர் பக்கம். காஸ்தல்நோ பெரும்பாலும் ஆங்கிலேயர் பக்கம். இரண்டுக்கும் இடையே தூரம் அதிகமில்லை. ஆனால் ஒன்றிலிருந்து ஆறு வரை இறங்கி, மறுபடி மற்றொன்றுக்கு ஏற வேண்டும். விளம்பரத்தின் கிலோமீட்டரில் இந்த ஏற்ற இறக்கம் தெரியாது.

மலை நடைக்காரர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அதன்படி சமதளத்தில் 12 கிலோமீட்டர் நடக்க இரண்டரை மணி நேரம் போதும். அதே தூரத்தில் 450 மீட்டர் ஏற்றம் இருந்தால் மூன்றே கால் ஆகிவிடும். இதுவே நல்ல உடல்வலு உள்ளவர் நிற்காமல் நடக்கும் வேகம். நீங்கள் ஒன்றரை மடங்காக வைத்துக்கொள்ளுங்கள். தேய்ந்த முழங்காலை ஏற்றத்தைவிட இறக்கம்தான் அதிகம் வாட்டும், அதனால்தான் இறங்கும் மீட்டரையும் கேட்கச் சொன்னேன். பிரெஞ்சு நடைப்பயணக் கூட்டமைப்பு ஒரு தடத்தை உழைப்பு, பாதையின் கடினம், ஆபத்து என்று மூன்று வகையில், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை தரம் பிரிக்கிறது. உங்கள் தடத்துக்கு அந்தத் தரம் என்ன என்று கேளுங்கள். ‘எளிய நடை’ என்பது விற்பவரின் சொல், அதற்கு அளவுகோல் கிடையாது.

என் யோசனையைச் சொல்கிறேன்: இந்தப் பள்ளத்தாக்குக்குத் தினம் விடுதி மாறும் பயணமே தேவையில்லை. பெட்டி தூக்கிக் கொடுப்பதற்கும் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். இங்கே பார்க்க வேண்டியவை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. போர்தோ நகரிலிருந்து இந்த வட்டாரத்தின் சந்தை ஊரான சார்லாவுக்கு நேரடி ரயில் உண்டு. சார்லாவில் இரண்டு இரவு, அதுவும் புதன் அல்லது சனிக்கிழமைச் சந்தையைச் சேர்த்து. பிறகு பெய்னாக்கிலோ லா ரோக் கஜாக்கிலோ நான்கு இரவு. ஒரு நாள் இரண்டு கோட்டைகள். மறுநாள் முழங்காலுக்கு ஓய்வாக, சார்லாவிலிருந்து பழைய ரயில் பாதையின் மேல் போட்ட பசுமைவழியில் நடக்கலாம். தார் போட்ட, ஏறக்குறைய மட்டமான பாதை. இன்னொரு நாள் தொம். 1281-இல் மன்னர் மூன்றாம் பிலிப் நிறுவிய மதிலூர் அது. 1307-க்குப் பின் அங்கே சிறை வைக்கப்பட்ட டெம்ப்ளர் வீரர்கள் (சிலுவைப் போர்க் காலத்துத் துறவி வீரர்கள்) வாயில் கோபுரச் சுவரில் கீறி வைத்ததாகச் சொல்லப்படும் உருவங்கள் இன்னும் இருக்கின்றன. குன்றின் மேல் உள்ள ஊர் என்பதால் அதற்கு மட்டும் ஏறும்போது நடங்கள், இறங்கும்போது டாக்சி பிடியுங்கள். டாக்சியை முந்தின நாளே சொல்லி வையுங்கள், தெருவில் நின்று கைகாட்டினால் கிடைக்காது.

காஸ்தல்நோவையும் மார்க்கெசாக் தோட்டத்தையும் ஒரே நிறுவனம் நடத்துகிறது. தனித்தனியாக டிக்கெட் எடுக்கும் முன் கூட்டுச் சீட்டு உண்டா என்று கேளுங்கள்.

அப்படியும் தொகுப்புப் பயணமே வசதி என்றால், ரசீது யார் பெயரில் வருகிறது என்று பாருங்கள். பிரெஞ்சு நிறுவனம் நேரடியாக விற்றால் அதற்கு ‘ஐஎம்’ என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். ஐரோப்பிய விதிப்படி, அவர்கள் விலையை 8 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் கட்டணம் இழக்காமல் விலகலாம். புறப்பட 20 நாளுக்குள் எந்த ஏற்றமும் கூடாது. இந்திய முகவர் தன் பெயரில் ரசீது கொடுத்தால் உங்கள் ஒப்பந்தம் அவரோடுதான். இந்த நிபந்தனைகளை அவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாரிஸ் புறநகரில் இருக்கிறோம். பிள்ளையளின்ரை விடுமுறைக்கு தோர்தோஞ்சில் ஒரு வீட்டு விடுதி பதிந்து 200 யூரோ கட்டினோம். இப்ப போக முடியாத நிலை. காசைத் திருப்பி எடுக்க ஏலுமா? மிச்சத்தையும் கட்டச் சொல்லுவினமோ?
— வாசகர், பிரான்ஸ்

பதில்: உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து, அந்த 200 யூரோவுக்கு என்ன பெயர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. ‘ஆர்’ என்றிருந்தால் (ஏ-யில் தொடங்கி, நடுவில் இரண்டு ஆர், எச், கடைசியில் ஈ, எஸ்) நீங்கள் விலகலாம். அந்தப் பணம் போகும், அதற்கு மேல் கேட்க முடியாது. விடுதிக்காரர் விலகினால் அவர் இரட்டிப்பாக, 400 யூரோ தர வேண்டும். ‘அகோந்த்’ என்றிருந்தால் (ஏ, சி, ஓ, எம், பி, டி, ஈ) அது உறுதியான கொள்முதலின் முதல் தவணை. நீங்கள் போகாவிட்டாலும் முழுத் தொகையையும் கேட்க அவருக்கு உரிமை உண்டு. எதுவுமே எழுதவில்லை என்றால் பிரெஞ்சு நுகர்வோர் சட்டம் அதை ‘ஆர்’ என்றே எடுத்துக்கொள்ளும்.

இணையத்தில் வாங்கியதை 14 நாளில் திருப்பலாமே என்று நினைக்காதீர்கள். தேதி குறித்த தங்குமிடத்துக்கு அந்த உரிமை கிடையாது. அதனால் சண்டை பிடிக்காமல் வேறு தேதிக்கு மாற்றிக் கேட்டுப் பாருங்கள். ஐந்து அறைக்கு மேல் இல்லாத குடும்ப வீடுகள் அவை, முகம் பார்த்துப் பேசினால் பல சமயம் இணங்குவார்கள்.

கேள்வி: விசா கிடைக்காவிட்டால் கட்டிய பணம்? நாங்கள் சைவம், சாப்பாட்டுக்கு என்ன செய்வது?
— வாசகர், சென்னை

பதில்: விசா மறுப்பு உங்கள் பக்கக் காரணமாகவே கணக்கில் வரும், ரத்துக் கட்டணம் பிடிப்பார்கள். 90 யூரோ விசாக் கட்டணமும் திரும்பாது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம் என்பதால், விசா கையில் வரும்வரை இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறைகளை மட்டும் பதியுங்கள். சற்று விலை கூடுதல்தான், அது வீண்செலவு அல்ல. ஐரோப்பிய விதிக்கு உட்பட்ட தொகுப்புப் பயணமானால், புறப்பட 7 நாள் முன்புவரை உங்கள் இடத்தை வேறொருவர் பெயருக்கு மாற்றலாம். மாற்றும் செலவு உங்களுடையது.

அந்த வட்டாரம் வாத்திறைச்சிக்குப் பேர்போனது. வீட்டு விடுதியில் காலை உணவு சட்டப்படி வாடகைக்குள் அடக்கம். இரவுச் சாப்பாடு தனி, எல்லோருக்கும் ஒரே சமையல், முன்கூட்டியே சொல்ல வேண்டும். பதியும்போதே ‘இறைச்சி, மீன் இரண்டும் வேண்டாம், முட்டை, பாலாடைக்கட்டி பரவாயில்லை’ என்று பட்டியலாக எழுதுங்கள். வெறுமனே ‘சைவம்’ என்றால் மீன் வந்து நிற்கும். மதியத்துக்கு ரொட்டி, பழம், அந்த ஊர் அக்ரூட் பருப்பு எல்லாம் காலையிலேயே வாங்கிப் பையில் வையுங்கள். சிற்றூர்க் கடைகள் மதியம் இரண்டு மணிநேரம் சாத்தியிருக்கும். இதை நான் பட்டினி கிடந்து கற்றுக்கொண்டேன்.

கேள்வி: வழிகாட்டி இல்லாமல் நடக்க எந்த வரைபடம் வாங்கலாம்? அக்டோபரில் விலை குறைவாக இருக்கிறதே, போகலாமா?
— வாசகி, மதுரை

பதில்: பிரெஞ்சு அரசின் ஐஜிஎன் நிறுவனம் வெளியிடும் 1:25,000 தாள் வரைபடம் ஒன்று போதும், அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 250 மீட்டர். உயரக்கோடுகள் நெருங்கியிருக்கும் இடம் செங்குத்து. கைப்பேசிச் செயலி கூடவே இருக்கட்டும், ஆனால் ஆற்றோரப் பாறைகளுக்கு அடியில் சிக்னலை நம்பாதீர்கள். மரத்திலும் கல்லிலும் வெள்ளை-சிவப்புப் பட்டை இருந்தால் நெடுந்தடம். கோட்டைகளின் பக்கம் போவது 64-ஆம் எண் தடம். மஞ்சள் பட்டை என்றால் குறுஞ்சுற்று, உங்களுக்குப் பெரும்பாலும் அதுதான் பொருத்தம். பெருக்கல் குறி தெரிந்தால் தவறான வழி, திரும்பிவிடுங்கள்.

அக்டோபரில் போகலாம், காடு பொன்னாக இருக்கும். ஆனால் மழை பட்ட சுண்ணாம்புக் கல் வழுக்கும், காலணியின் அடியில் ஆழமான பற்கள் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். கோட்டைகளின் திறப்பு நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அது வேட்டைக் காலமும்கூட. பாதையில் ‘சாஸ் ஆன் கூர்’, அதாவது வேட்டை நடக்கிறது என்ற பலகை இருந்தால் உள்ளே போகாதீர்கள், வேறு சுற்றைப் பிடியுங்கள். எந்த நாளானாலும் பளிச்சென்ற நிறத்தில் மேலாடை வேண்டும். அதற்காகக் கடைக்குப் போக வேண்டாம்: வாடகைக் கார் எடுத்தால் ஒளிரும் மேலங்கி ஒன்று அதிலேயே இருக்கும், பிரெஞ்சுச் சட்டப்படி இருந்தே ஆக வேண்டும்.