எரிவாயுவை எதிர்ப்பவர்கள் யாருடைய ஆட்கள்? – வாசகர் கடிதமும் பதிலும்

ஐயா வணக்கம்,

கிழக்கு ஐரோப்பாவின் புதிய எரிவாயுத் திட்டங்களை எதிர்ப்பவர்கள் பக்கம் நின்று நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். எனக்கு ஒப்பவில்லை. 2022 ஏப்ரலில் போலந்துக்கும் பல்கேரியாவுக்கும் ரஷ்யா ஒரே நாளில் எரிவாயுவை நிறுத்தியது. அப்படி அடிபட்டவர்கள் தங்கள் மண்ணிலும் கடலிலும் இருப்பதை எடுத்தால் என்ன தவறு? நிலக்கரியோடு ஒப்பிட்டால் எரிவாயு பாதி கரியமில வாயுவைத்தானே விடுகிறது? பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன்பே ஷேல் வாயுவை, அதாவது ஆழத்துப் பாறைக்குள் சிக்கியிருக்கும் எரிவாயுவை, எடுக்க விட்டிருந்தால் அவர்கள் யாரிடமும் கையேந்தியிருக்க வேண்டாம். போராடியவர்களோடு ரஷ்யா சேர்ந்து வேலை செய்தது என்று நேட்டோ தலைவரே சொன்னாராமே?

எஸ்.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அந்தக் குற்றச்சாட்டு பல ஊர்களின் மேல் பழியாக விழுந்தது. 2014 ஜூனில் நேட்டோ பொதுச்செயலாளராக இருந்த ராஸ்முசென் அப்படிப் பேசியது உண்மை. ஆதாரம் எதையும் அவர் அப்போது முன்வைக்கவில்லை. ஷேல் வாயு வராமல் போனால் ரஷ்யாவுக்கு லாபம் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் ஒருவருக்கு லாபம் வந்தது என்பதாலேயே எதிர்த்தவர்கள் எல்லாம் அவருடைய ஆட்கள் ஆகிவிடுவார்களா?

ருமேனியாவின் கிழக்கே வாஸ்லுய் மாவட்டத்தில் புஞ்சேஷ்தி என்று ஒரு கிராமம். நாட்டின் மிக ஏழையான மாவட்டங்களில் ஒன்று அது. இளைஞர்கள் பலரும் பிழைப்புக்காக இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் போய்விட, ஊரில் இருந்தவர்களில் பெரும்பாலோர் வயதான விவசாயிகள். 2013 அக்டோபரில் அமெரிக்க எண்ணெய் நிறுவனமான செவ்ரானின் வண்டிகள் துளையிட வந்தபோது சாலையை மறித்து நின்றவர்கள் அவர்கள்தான். அவர்கள் பேசியது உலக அரசியல் அல்ல, தண்ணீர். குடிப்பதும் மாட்டுக்கு வைப்பதும் கிணற்றுத் தண்ணீர். பாறையை நீரழுத்தத்தால் உடைக்கும்போது கீழே இறக்கும் ரசாயனம் அந்தக் கிணறுகளுக்கு வராது என்று யார் உத்தரவாதம் தருவார்கள் என்று கேட்டார்கள். டிசம்பரில் பதிலாக வந்தது கலவரத் தடுப்புப் படை. கிராமத்தையே சிறப்புப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தார்கள். தேர்தலுக்கு முன் ஷேல் வாயுவை எதிர்த்துப் பேசிய விக்டர் போன்டாதான் அப்போது பிரதமர்.

அப்புறம் ‘எடுக்க விட்டிருந்தால்’ என்கிறீர்கள். எடுக்க விட்டார்களே! புஞ்சேஷ்தியில் போலீஸ் காவலோடு துளை போட்டார்கள். தேறும்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. 2014 நவம்பரில் அதே போன்டா, நம்மிடம் இல்லாத ஒன்றுக்காகக் கடுமையாகச் சண்டை போட்டிருக்கிறோம் போலிருக்கிறது என்ற பொருளில் பேசினார். அடுத்த ஆண்டு செவ்ரான் அங்கே ஷேல் வாயுத் தேடலைக் கைவிட்டது.

போலந்தில் அரசே முன்னின்று கம்பெனிகளை அழைத்தது. 2011-ல் அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் அங்கே 5.3 லட்சம் கோடி கன மீட்டர் எடுக்கலாம் என்று மதிப்பிட்டது. மறு ஆண்டே போலந்தின் சொந்த நிலவியல் நிறுவனம் அதை 34,600 கோடி முதல் 76,800 கோடி வரை என்று குறைத்தது. எக்ஸான்மொபில், மாரத்தான், செவ்ரான், கோனோகோபிலிப்ஸ் எல்லோரும் 2015-க்குள் கிளம்பிவிட்டார்கள். ஜுராவ்லுஃப் கிராமத்து விவசாயிகள் 400 நாள் டிராக்டர்களோடு வழிமறித்தது உண்மை. ஆனால் மற்ற இடங்களில் துளைகளைப் போட்டுப் பார்த்த பிறகுதான் கம்பெனிகள் போயின. பாறை ஒத்துழைக்காததற்குப் போராளிகளைக் குற்றம் சொல்லக் கூடாது. பல்கேரியா மட்டும்தான் மக்கள் தெருவில் இறங்கியதும் 2012 ஜனவரியில் பாறையை நீரழுத்தத்தால் உடைக்கும் முறையையே தடை செய்தது. அங்கே உங்கள் கேள்விக்கு இடமுண்டு. ஆனால் போலந்தின் அனுபவத்தைப் பார்த்த பிறகும் பல்கேரியா பெரிய புதையலை இழந்துவிட்டது என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

சரி, பாதி கரியமில வாயு. எரிக்கும் இடத்தில் அது சரியான கணக்கு. ஆனால் எரிவாயு என்பது பெரும்பாலும் மீத்தேன். எரியாமல் கசிந்தால், 20 ஆண்டு அளவில் அது கரியமில வாயுவைப்போல 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். எரிவாயுக் கிணற்றிலும் குழாயிலும் அழுத்த நிலையத்திலும் சேர்ந்து நூற்றுக்கு மூன்று பங்கு போல கசிந்தாலே, மின்சாரம் எடுப்பதில் நிலக்கரியைவிட மேல் என்று சொல்வது சந்தேகத்துக்குரியதாகிவிடும்.

இன்றைய பெரிய சண்டை ருமேனியாவின் கருங்கடல் பகுதியில், ‘நெப்டியூன் டீப்’ எரிவாயு வயலைப் பற்றியது. ஆஸ்திரியாவின் ஓஎம்வி குழுமத்தைச் சேர்ந்த ஓஎம்வி பெட்ரோமும் ருமேனிய அரசு நிறுவனமான ரோம்காஸும் ஆளுக்குப் பாதி. 2023 ஜூனில் முதலீட்டை முடிவு செய்தார்கள், 400 கோடி யூரோ வரை. எடுக்கப்போவது சுமார் 10,000 கோடி கன மீட்டர், முதல் வாயு 2027-ல். கடலுக்கடியில் சுமார் 160 கிலோமீட்டர் குழாய் வந்து துஸ்லா என்ற கரையோர ஊரில் ஏறுகிறது. அத்தனையையும் எரித்தால் வெளிவருவது சுமார் 20 கோடி டன் கரியமில வாயு. ருமேனியா முழுவதும் ஓராண்டில் விடும் வெப்பமூட்டும் வாயுக்கள் எல்லாவற்றையும் சேர்த்த அளவைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. கிரீன்பீஸ் நீதிமன்றம் போனதும் இதனால்தான். இதைச் சுதந்திரத்துக்கான வாயு என்கிறார்கள். ஆனால் பெட்ரோம் தன் பங்கில் ஒரு பகுதியை ஜெர்மனியின் யூனிப்பர் எரிசக்தி நிறுவனத்துக்கு விற்க இப்போதே ஒப்பந்தம் போட்டுவிட்டது. வணிகம் என்ற முறையில் அது தவறில்லை. ஆனால் ருமேனியக் கிழவியின் குளிர்காலத்துக்காக என்று சொல்லி அனுமதி வாங்கக் கூடாது.

என்னை உறுத்துவது காலம். இன்று போடும் குழாயும் மின்நிலையமும் போட்ட பணத்தை எடுக்க இருபது முப்பது ஆண்டு ஓடியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியமோ 2050-க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்கச் சட்டம் போட்டிருக்கிறது. இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியாது.

அப்படியானால் குளிருக்கு என்ன செய்வது என்று அடுத்து கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2022-ல் ரஷ்யா வாயுவை நிறுத்திய அதே ஆண்டு போலந்தில் வெப்பப் பம்புகளின் (வெளியே உள்ள வெப்பத்தை மின்சாரத்தால் வீட்டுக்குள் இழுக்கும் கருவிகள்) விற்பனை இரு மடங்குக்கு மேல் ஆனது. மக்களே வழி காட்டினார்கள். ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டைப் பாருங்கள். எரிவாயுவை எரித்துக் கொதிக்கவைத்த நீரைச் சாலைக்கடியில் குழாய் வழியாக அடுக்குமாடி வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். குழாய்களில் பல கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி சௌஷெஸ்கு காலத்தவை, பல பத்தாண்டு பழையவை. வெப்பத்தில் கணிசமான பங்கு வீட்டுக்குப் போய்ச் சேராமல் வழியிலேயே வீணாகிறது. குளிர்காலத்தில் ஒரு பேட்டை முழுவதும் வெந்நீர் இல்லாமல் கிடப்பது அங்கே வழக்கமான செய்தி. கடலுக்குள் 160 கிலோமீட்டர் குழாய் பதிக்க முடிகிற நாடு, தலைநகரின் தெருவுக்கடியில் இருப்பதை முதலில் மாற்றட்டும். அப்படிச் செய்த பிறகும் இவ்வளவு வாயு தேவைதானா என்று அந்நாட்டு மக்கள் கணக்குப் பார்க்கட்டும். அவர்கள் பக்கம் நான் நிற்பது இதற்காகத்தான்.