கட்டாவில் என்னதான் இருக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 42. மகனை கராத்தே வகுப்பில் விட்டுவிட்டு வாசலில் காத்துக்கொண்டிருந்தவள், போன வருடம் நானும் சேர்ந்துவிட்டேன். ஷோட்டோகான் பிரிவு. கட்டா என்றால் எதிரில் ஆள் இல்லாமல், வரிசை மாறாமல் செய்யும் அசைவுகள்; ஹெயான் என்ற பெயரில் உள்ள ஐந்து கட்டாக்களில் நான்கு முடிந்து, ஐந்தாவது போய்க்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு கிரேடிங்குக்கும் ஒரு புதுக் கட்டா, ஒரு புது பெல்ட். மாஸ்டர் எண்ண எண்ண நாங்கள் கையையும் காலையும் வீசுகிறோம், எதற்கென்று தெரியாமலே. வகுப்பு முடியும்போது சுவரில் ஒட்டியிருக்கும் ஐந்து வாசகங்களைக் கத்துகிறோம்; அதுதான் கராத்தேயின் தத்துவமாம். "கட்டா வேஸ்ட், குமித்தேதான் (இருவர் நேருக்கு நேர் மோதுவது) நிஜம்" என்கிறான் மகன். "எல்லாம் காஞ்சிபுரத்திலிருந்து போனதுதானே" என்கிறார் கணவர். முட்டி வேறு வலிக்கிறது. நான் கற்றுக்கொள்வது தற்காப்பா, நடனமா? தொடரலாமா?
- பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: தொடருங்கள். ஆனால் இப்போது போகிற வேகத்தில் வேண்டாம்.

எண்ண எண்ணக் கை வீசுகிறோம் என்று நீங்கள் சலித்துக்கொள்வதற்குப் பின்னால் நூறு வருடத்துக்கும் மேலான கதை இருக்கிறது. ஒகினாவா தீவில் கராத்தே அதுவரை ஓர் ஆசிரியர், விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்கள், இருட்டிய பிறகு ஒரு கொல்லைப்புறம் என்றுதான் இருந்தது. 1901-ஐ ஒட்டி அதைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர் இதோசு அங்கோ. மைதானத்தில் வரிசையாக நிற்கும் பிள்ளைகளுக்காகப் பழைய நீளமான கட்டாக்களிலிருந்து ஐந்து சின்னக் கட்டாக்களை அமைத்தார். பினான் என்ற அவற்றின் பெயரைத்தான் பிற்பாடு, உங்கள் ஷோட்டோகான் பிரிவின் மூலவரான ஃபுனகோஷி கிச்சின் ஹெயான் என்று மாற்றினார். கையை முறுக்குவது, கழுத்தைத் திருகுவது, ஆளைக் கீழே தள்ளுவது எல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற விஷயமா? அசைவுகள் நின்றன, அவற்றின் பயன் பின்னால் போய்விட்டது. உங்கள் மாஸ்டரும் அநேகமாக அப்படிக் கற்றுக்கொண்டவராகத்தான் இருப்பார். அவர்மேல் கோபப்பட வேண்டாம்.

வேடிக்கை என்னவென்றால், அதே இதோசு 1908-இல் கல்வி அதிகாரிகளுக்கு எழுதிய பத்து அம்சக் கடிதத்தில், ஒவ்வொரு அசைவுக்கும் பொருள் என்ன, எந்தச் சமயத்தில் எப்படிப் பயன்படும் என்று கேட்டும் ஆராய்ந்தும் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறார். உடம்பு வளர்க்கச் செய்கிறோமா, உபயோகத்துக்காகச் செய்கிறோமா என்பதையும் தீர்மானித்துக்கொள்ளச் சொல்கிறார். நீங்கள் கேட்பதும் அதைத்தான்.

சரி, பொருளை எப்படித் தேடுவது? முதல் கட்டாவுக்கே போவோம். ஹெயான் ஷோடானில் மொத்தம் 21 அசைவுகள். மூன்றாவதில் பின்பக்கம் திரும்பி, வலது கையால் கீழ் பிளாக் போடுகிறீர்கள். நான்காவதில் வலது காலைப் பாதி தூரம் இழுத்து, அந்தக் கையையே வட்டமாகச் சுற்றி, மூடிய முஷ்டியின் அடிப்பக்கத்தால் மேலிருந்து இறக்குகிறீர்கள். காற்றில் செய்தால் அது வெறும் கைவீச்சுதான். இன்று சாயங்காலம் மகனைக் கூப்பிட்டு உங்கள் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். கை பலத்தை மட்டும் வைத்து இழுத்தால் வராது. காலோடு சேர்த்து உடம்பின் எடையைப் பின்னால் இழுத்து, அவன் கட்டைவிரல் இருக்கும் பக்கமாகக் கையைச் சுழற்றுங்கள். எந்தப் பிடியிலும் தளர்வான இடம் அதுதான். கை விடுபட்டதும் முஷ்டி தானாகவே மேலே போயிருக்கும், அடுத்தது இறங்க வேண்டியதுதான். (மகன் தலையில் இறக்கிவிடாதீர்கள்.) கால் ஏன் பாதி மட்டும் பின்னால் வருகிறது என்று அப்போது யாரும் விளக்க வேண்டியிருக்காது.

பஞ்ச் விடும்போது இன்னொரு கையை இடுப்புக்கு இழுக்கச் சொல்வார்களே, அதுவும் அப்படித்தான். அந்தக் கை எதிராளியின் சட்டையையோ மணிக்கட்டையோ பிடித்து இழுப்பதாக நினைத்துச் செய்து பாருங்கள். வெறுங்கையை இடுப்பில் வைத்துக்கொள்வது சண்டையில் அசட்டுத்தனம், பிடித்து இழுக்கும் கைக்கு அங்கே வேலை இருக்கிறது. திரும்புகிற இடங்களிலும் ஒவ்வொரு தடவையும் பின்னாலிருந்து புது ஆள் வருவதாகக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. பிடித்த ஆளையே சுற்றித் தள்ளுகிற திருப்பமாகவும் அது இருக்கலாம். இப்படிப் பிரித்துப் பார்ப்பதைத்தான் புங்காய் என்பார்கள். ஓர் அசைவுக்கு ஒரே ஒரு சரியான விடை என்று யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். பிடிக்கிற ஆள் முழுப் பலத்தோடு பிடித்தாலும் பலிக்கிறதா என்பதுதான் சோதனை.

ஆக, மகன் சொல்வதில் பாதி சரி. எதிரில் ஆளே இல்லாமல் செய்யும் கட்டா யாரையும் காப்பாற்றாது. ஆனால் குமித்தே என்பது நடுவர் வைத்து, தூரம் விட்டு, புள்ளிக்காக ஆடும் ஆட்டம். பேருந்து நிலையத்தில் ஒருவன் கையைப் பிடித்து இழுக்கும் தூரத்துக்கு அந்த ஆட்டம் வருவதே இல்லை. கட்டா பெரும்பாலும் அந்தத் தூரத்தில்தான் நடக்கிறது.

இனி தத்துவம். சுவரில் ஒட்டிய வாசகங்களைக் கத்துவதால் பெரிதாக ஒன்றும் நடந்துவிடாது என்பதே என் அபிப்பிராயம். ஃபுனகோஷி எழுதிவைத்த இருபது நெறிகளில் ஒன்று, கராத்தேயில் முதல் தாக்குதல் கிடையாது என்பது. காமகுராவில் எங்காகுஜி கோயிலில் இதைக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். உங்கள் ஐந்து ஹெயான்களின் முதல் அசைவையும் வரிசையாக நினைத்துப் பாருங்கள். ஒன்றுகூட பஞ்சில் தொடங்காது, எல்லாமே தடுப்புதான். ஆனால் இதை எல்லோரும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளவில்லை. அதே ஒகினாவாக்காரரும் பேர்போன சண்டைக்காரருமான மோதோபு சோகி, அடி விழப்போவது நிச்சயம் என்றால் முந்திக்கொள்ளத்தான் வேண்டும், வலியப் போய் வம்பு இழுக்காதே என்பதே இதன் பொருள் என்று வாதிட்டார். எனக்கு மோதோபு கட்சிதான் பிடிக்கும். உங்களுக்கு எது ஒத்துவருகிறது என்பதை மகன் மணிக்கட்டைப் பிடித்திருக்கும்போது யோசியுங்கள்.

பொறுமையும் இந்தத் தத்துவத்தில் சேர்த்திதான். இளவயதில் டெக்கி என்ற பெயரில் உள்ள மூன்று கட்டாக்களைக் கற்க ஃபுனகோஷி பத்து வருடம் எடுத்துக்கொண்டார். இரவில் ஆசிரியர் வீட்டுக்குப் போய், ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்து, அவர் போதும் என்கிற வரை அடுத்தது கிடையாது. பெல்ட் முறையே பிறகு வந்தது, ஜூடோவிடமிருந்து கடன் வாங்கியது. கராத்தேயில் ஃபுனகோஷி முதல் கறுப்பு பெல்ட்டுகளைக் கொடுத்தது 1924-இல்தான். ஒரு வருடத்தில் நான்கு கட்டா என்பது கிரேடிங் கட்டணத்துக்கு ஏற்ற வேகம், உடம்புக்கு ஏற்றதல்ல. ஐந்தாவதை ஓரமாக வையுங்கள். ஹெயான் ஷோடானை மட்டும் எடுத்துக்கொண்டு, எண்ணிக்கை இல்லாமல், உங்கள் மூச்சுக்கு ஏற்றபடி செய்யுங்கள். வகுப்பில் கிழக்குப் பார்த்துத் தொடங்கினால் வீட்டில் தெற்குப் பார்த்துத் தொடங்குங்கள். எங்கே தடுமாறுகிறீர்களோ அங்கேதான் இன்னும் கற்காதது இருக்கிறது.

வயதைப் பற்றி நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் கட்டாவில் தங்கம் வென்ற ஸ்பெயினின் சாண்ட்ரா சான்செஸுக்கு அப்போது வயது 39.

முட்டிக்கு இரண்டு விஷயம். அகலமாக, தாழ்வாக நிற்பது பிற்காலத்தில் ஜப்பானில் வளர்ந்த வழக்கம். ஃபுனகோஷியின் பழைய புகைப்படங்களில் அவர் உயரமாகத்தான் நிற்கிறார். நீங்களும் கொஞ்சம் உயர்ந்து நிற்கலாம், அதில் ஒரு குறைச்சலும் இல்லை. அப்புறம், திரும்பும்போது முழு எடையையும் போட்டுப் பதித்த காலை அப்படியே திருகாதீர்கள். எடையைக் குறைத்து, பாதத்தோடு சேர்த்துத் திருப்புங்கள். அப்படியும் வலி விடவில்லை என்றால் எலும்பு மருத்துவரிடம் போய்விடுங்கள், தைலத்தோடு நிற்க வேண்டாம்.

கணவருக்கு ஒரு வரி. போதிதர்மரைக் குங்ஃபூவோடு சேர்க்கும் கதை, அவர் காலத்துக்கு ஆயிரம் வருடம் கழித்து, 17-ஆம் நூற்றாண்டு வாக்கில் வந்த ஒரு சீன நூலிலிருந்து கிளம்பியது. ஃபுனகோஷியே அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார் என்பதால் உங்கள் கணவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒகினாவாவுக்கும் சீனத்தின் ஃபுஜியான் கரைக்கும் இருந்த போக்குவரத்துக்கு உறுதியான சான்று உண்டு, காஞ்சிபுரத்துக்கு இல்லை.

மாஸ்டரிடம் எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். வகுப்பு முடிந்து தனியாக, "நான்காவது அசைவை ஒருவர் கையைப் பிடித்தால் எப்படிப் பயன்படுத்துவது, காட்டுங்கள் மாஸ்டர்" என்று கேளுங்கள். முகம் மலர்ந்து காட்டினால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். தெரியாது, சேர்ந்து பார்ப்போம் என்றாலும் நல்ல இடம்தான். கேள்வி கேட்பதே மரியாதைக் குறைவு என்றால் வேறு வகுப்பு பாருங்கள். எப்படியானாலும் இந்த முறை கிரேடிங்குக்கு வரவில்லை என்பதைக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், கட்டிய பிறகு திருப்பிக் கேட்பது சங்கடம்.