பிரிந்த பிறகும் ஒரே குழுவில் பாடியது ஏமாற்றா?

கேள்வி: அமெரிக்காவின் பழைய கன்ட்ரி இசையில் ஏ.பி. கார்ட்டர், சாரா கார்ட்டர் தம்பதியின் பாடல்களை விரும்பிக் கேட்டு வருகிறேன். 1936இல் விவாகரத்து பெற்ற பிறகும் 1941 வரை இருவரும் ஒரே குழுவில் இசைத்தட்டுகளுக்குப் பாடினார்கள் என்பதை அண்மையில்தான் அறிந்தேன். வீட்டில் இல்லாத ஒற்றுமையை ஒலிவாங்கியின் முன் காட்டியது ரசிகர்களை ஏமாற்றிய செயல் அல்லவா?

பதில்: அல்ல. கார்ட்டர் குடும்பத்தார் தங்கள் இல்லறத்தைக் காட்டி ஒரு தட்டையும் விற்கவில்லை. ஊர் ஊராகக் கச்சேரி செய்த காலத்தில் அவர்கள் ஒட்டிய சுவரொட்டி, "இந்த நிகழ்ச்சி ஒழுக்கமானது" என்று மட்டும் உறுதி கூறியது. அந்த உறுதி நிகழ்ச்சியைப் பற்றியது, பாடுகிறவர்களின் மணவாழ்க்கையைப் பற்றியதன்று. பாடல்களும் பெரும்பாலும் அநாதைக் குழந்தை, இறந்துபோன தாய், கைவிட்டுப் போன காதலன், மறுமையில் கூடப்போகும் உறவுகள் என்று அவர்கள் வாழ்ந்த வர்ஜீனியா மலைநாட்டில் பல தலைமுறைகளாகப் புழங்கிய துயரங்களைப் பற்றியவை. தம்பதி என்ற உறவையே முன்னிறுத்தி அக்காலத்தில் புகழ்பெற்றவர்கள் வேறு. சிகாகோவின் டபிள்யூ.எல்.எஸ். வானொலியில் பாடிய லூலு பெல், ஸ்காட்டி இணையரின் காதலும் கல்யாணமும் நேயர்களுக்குப் பாட்டைப் போலவே விருப்பமான செய்திகளாக இருந்தன. உங்கள் கேள்வியை அவர்களைப் பற்றிக் கேட்டிருந்தால் அதற்கு ஓரளவாவது பொருள் இருந்திருக்கும்.

கார்ட்டர் குழுவைத் தம்பதியின் குழு என்று நினைப்பதிலிருந்தே உங்கள் பிழை தொடங்குகிறது. 1927 ஆகஸ்ட் 1 அன்று, டென்னசி, வர்ஜீனியா எல்லையில் உள்ள பிரிஸ்டல் நகரில், விக்டர் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பாடகர்களைத் தேடி வந்திருந்த ரால்ஃப் பீர் முன்னால் நின்றவர்கள் மூவர்: ஏ.பி., சாரா, சாராவின் உறவுப் பெண்ணும் ஏ.பி.யின் தம்பி மனைவியுமான மேபெல். மேபெல் அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த கர்ப்பிணி. சாராவுக்குக் கைக்குழந்தை, அதைப் பார்த்துக்கொள்ள எட்டு வயது மூத்த மகளையும் உடன் அழைத்து வந்திருந்தார்கள். சாராதான் முதன்மைக் குரல், ஆட்டோஹார்ப் என்ற தந்தி வாத்தியத்தை வாசித்ததும் அவரே. கட்டைவிரலால் கிதாரின் தடித்த தந்திகளில் மெட்டை எடுத்து, மற்ற விரலால் மெல்லிய தந்திகளில் தாளத்தைத் தட்டிய மேபெலின் வாசிப்பை, அவருக்குப் பின் வந்த கிதார் கலைஞர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்தார்கள். ஏ.பி. மனம் வந்த இடத்தில் அடிக்குரலில் சேர்ந்துகொள்வார், வராத இடத்தில் சும்மா இருப்பார்.

மறுநாள் பதிவுக்கு அவர் வரவே இல்லை. அன்று பீர் கேட்டுக்கொண்டதால் சாரா தமக்குப் பிடிக்காத ஒரு பாட்டைப் பாடினார். ‘சிங்கிள் கேர்ள், மேரீட் கேர்ள்’ என்ற அந்தப் பாட்டில், மணமாகாதவள் விரும்பியபடி உடுத்தி விரும்பிய இடத்துக்குப் போகிறாள். மணமானவள் தொட்டிலை ஆட்டிக்கொண்டு அழுகிறாள். விருப்பமின்றிப் பாடிய அந்தப் பாட்டுதான் அவர்களுக்கு முதல் பெரும் விற்பனையைத் தந்தது. பாடுகிறவரின் சொந்த மனநிலைக்கும் பாட்டின் தரத்துக்கும் நீங்கள் எதிர்பார்க்கும் தொடர்பு முதல் பதிவிலேயே இல்லை.

1930களின் தொடக்கத்தில் சாரா கணவரைப் பிரிந்து, கிளிஞ்ச் மலைக்கு அப்பால் தம்மை வளர்த்த உறவினரிடம் போய்விட்டார். பாட்டு தேடி மாதக்கணக்கில் ஊர் சுற்றிய கணவர், வீட்டுச் சுமை முழுவதையும் தாங்கிய மனைவி, ஏ.பி.யின் உறவினரான காய் பேஸ் மீது சாராவுக்கு உண்டான காதல் என்று காரணங்கள் பல இருந்தன. அவற்றை நாம் தீர்ப்புச் சொல்லித் தீர்க்க வேண்டியதில்லை. அதன் பிறகு சாரா பதிவு நாட்களில் மட்டும் வந்து பாடிவிட்டுப் போனார். பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே அந்த வருமானத்தை உதறிவிடும் நிலையில் அவர்களில் யாரும் இல்லை. தனக்கு வேண்டாமற்போன மனிதரோடு ஒரு பெண் தன் தொழிலைக் கைவிடாமல் நின்று செய்ததை ஏமாற்று என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

மறைத்தார்கள் என்பதும் சரியன்று. 1938இல் தொடங்கி மெக்சிகோ எல்லையில் இருந்த எக்ஸ்.இ.ஆர்.ஏ. என்ற பேராற்றல் கொண்ட வானொலியில் அவர்கள் பாடினார்கள். ஒருநாள் சாரா கலிஃபோர்னியாவில் இருந்த காய் பேஸின் பெயரைச் சொல்லி ஒரு பாட்டை அவருக்குக் காணிக்கையாக்கினார். முன்னாள் கணவரோடு ஒரே குழுவில் இருந்துகொண்டே, பல மாநிலங்கள் கேட்கும் வானொலியில் அதைச் செய்தார். 1939 பிப்ரவரியில் டெக்சஸில் சாராவும் காய் பேஸும் மணந்துகொண்டார்கள்.

நியாயக்கேடு எங்கே என்று தேடுவதானால் தட்டின் நடுவே ஒட்டிய தாளில் தேடுங்கள். பழம் அச்சுப் பாடல்களும் பாட்டிமார் நினைவிலிருந்து எடுத்தவையும்கூடப் பெரும்பாலும் ஏ.பி. கார்ட்டர் என்ற ஒரே பெயரில் பதிப்புரிமை பெற்றன. ஏ.பி.யின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர் அலைந்திராவிட்டால் அவற்றுள் பல அழிந்தே போயிருக்கும். ஆனால் அவரோடு ஊர் ஊராக நடந்து, அவர் சொற்களை எழுதிக்கொள்ள மெட்டுகளைத் தம் நினைவில் ஏற்றிவந்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் டென்னசியின் கிங்ஸ்போர்ட் நகரைச் சேர்ந்த கறுப்பினக் கிதார் கலைஞர் லெஸ்லி ரிடில். அவர் பெயர் அந்தத் தட்டுகளில் இல்லை. பாடிய சாராவும் வாசித்த மேபெலும் பாட்டுக்கு உருக்கொடுத்தவர்களாகக் கருதப்படவில்லை. ரசிகர்களுக்குச் சொல்லப்படாமல் போனது இதுதான்.

1950களில் சாரா திரும்பி வந்து, ஏ.பி.யோடும் வளர்ந்துவிட்ட தம் பிள்ளைகள் ஜோ, ஜேனட் ஆகியோரோடும் மீண்டும் பதிவுசெய்தார் என்பதையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். அந்தப் பதிவுகளைத் தேடிக் கேட்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள்: 1928ஆம் ஆண்டுத் தட்டு ஒன்றையும் 1939ஆம் ஆண்டின் வானொலிப் பதிவு ஒன்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். சாராவின் குரல் வயதோடு கீழிறங்கியிருப்பது தெரியும். மணவாழ்க்கை முறிந்த தடம் எந்த அடியில் கேட்கிறது என்று உங்களால் சுட்ட முடிந்தால் எனக்கு எழுதுங்கள். இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.