எறும்பிலிருந்து ஃபார்மலின் வரை: வாசகர் கேள்வி – பதில்

ஆங்கிலச் சொற்களைக் கிரேக்க, இலத்தீன் வேர்களைக் கொண்டு கற்பிப்பது குறித்து நம் மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது.

கேள்வி (அரசுப் பள்ளி ஆங்கில ஆசிரியை, திருவட்டாறு): ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு வேர்ச்சொற்கள், முன்னொட்டுகள், பின்னொட்டுகள் என 60 உருப்படிகள் கொண்ட பட்டியலைக் கொடுத்து, வாரம் பத்தாக மனப்பாடம் செய்யச் சொன்னேன். தேர்வில் பொருளைச் சரியாக எழுதிவிடுகிறார்கள். பாடத்தில் புதிய சொல் வந்தால் மட்டும் ஒருவரும் பிரித்துப் பார்ப்பதில்லை. தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த முறையே ஒத்துவராதா?

பதில்: முறை ஒத்துவரும், பட்டியல்தான் ஒத்துவராது. நானும் கல்குளம் வட்டத்துப் பள்ளி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதையே செய்தேன். ‘போர்ட்’ என்னும் இலத்தீன் வேருக்குச் ‘சுமந்து செல்லுதல்’ என்று கரும்பலகையில் எழுதினேன். வகுப்பு முழுவதும் ஒரே குரலில் ஒப்பித்தது. மறுநாள் டிரான்ஸ்போர்ட் பஸ்ஸின் படிக்கட்டில் நின்று வந்த மாணவனிடம், “டிரான்ஸ்போர்ட் என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது?” என்று கேட்டேன். “பஸ் இருக்கு சார்” என்றான்.

வேரை முதலில் கொடுத்துவிட்டுச் சொல்லைப் பின்னால் காட்டினால், அந்த வேர் பற்றிக்கொள்ள மண் இருப்பதில்லை. பிள்ளையின் வாயில் ஏற்கெனவே புழங்கும் சொல்லை எடுத்து, அதைப் பிரித்து, உள்ளே இருக்கும் துண்டு வேறு எந்தெந்தச் சொற்களில் வருகிறது என்று தேடவைப்பதுதான் நான் பிறகு கைக்கொண்ட வழி. தமிழ்வழி மாணவர்களுக்கு இதில் இரண்டு வசதிகள் உள்ளன. அவற்றை நாம் பயன்படுத்திக்கொள்வதே இல்லை.

முதலாவது, பகுபத உறுப்பிலக்கணம். ‘நடந்தனன்’ என்பதை நட + த்(ந்) + த் + அன் + அன் என்று பிரித்து, பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை, சாரியை, விகுதி என ஆறு உறுப்புகளையும் சுட்டத் தெரிந்த பிள்ளைக்கு, ஒரு சொல்லைத் துண்டாக்குவது புதிய வேலையன்று. பவணந்தி முனிவரின் நன்னூல் வகுத்துத் தந்த அந்தப் பழக்கத்தைத் தமிழ் வகுப்போடு மூட்டைகட்டி வைத்துவிட்டு, ஆங்கில வகுப்பில் வெறுங்கையோடு உட்காரச் சொல்கிறோம். ‘இன்’ என்னும் இலத்தீன் எதிர்மறை முன்னொட்டு ‘இன்கரெக்ட்’ என்பதில் அப்படியே நிற்கிறது. ‘பாசிபிள்’ முன் வரும்போது ‘இம்’ ஆகி ‘இம்பாசிபிள்’ என்றும், ‘லீகல்’ முன் ‘இல்’ ஆகி ‘இல்லீகல்’ என்றும், ‘ரெகுலர்’ முன் ‘இர்’ ஆகி ‘இர்ரெகுலர்’ என்றும் மாறுகிறது. இவற்றை நான்கு தனித்தனி முன்னொட்டுகளாக உங்கள் பட்டியலில் எழுதியிருப்பீர்கள் என்பது என் ஊகம். “த் என்பது ந் ஆனது விகாரம்” என்று எழுதிப் பழகிய மாணவனிடம் “இதுவும் விகாரம்தான்” என்று சொன்னால், ஒரு நிமிடத்தில் விளங்கிக்கொள்கிறான்.

இரண்டாவது, நம் கலைச்சொற்கள். அறிவியல் பாடத்தில் வரும் ‘வெப்பமானி’, ‘நுண்ணோக்கி’, ‘தொலைநோக்கி’, ‘விலங்கியல்’ ஆகியவை கிரேக்கத் துண்டுக்கு ஈடாகத் தமிழ்த் துண்டை வைத்துக் கட்டியவை. ‘தெர்மோ’ வெப்பம், ‘மீட்டர்’ மானி. ‘டெலி’ தொலை, ‘ஸ்கோப்’ நோக்கி. ஆங்கிலவழிப் பிள்ளைக்குத் ‘தெர்மோமீட்டர்’ என்பது காய்ச்சல் பார்க்கும் கருவியின் பெயர் மட்டுமே. வெப்பமானி என்று படித்தவனுக்கோ பொருள் ஏற்கெனவே பிரிந்து கிடக்கிறது. எதிரே கிரேக்கச் சொல்லை நிறுத்தினால் போதும். ஒரு வேறுபாட்டை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்: தமிழ், சொல்லின் பின்னால் ஒட்டிக்கொண்டே போகும் மொழி, முன்னொட்டு நமக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. ஆகவே பின்னொட்டுகளை விரைந்து கடந்து, ‘சப்’, ‘இன்டர்’, ‘ரீ’, ‘டிரான்ஸ்’ போன்ற முன்னொட்டுகளில் கூடுதல் நாள்கள் செலவிடுவது நல்லது.

உங்கள் ஊருக்கு ஏற்ற ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். திருவட்டாறு, குலசேகரம் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் ரப்பர் தோட்டம் பார்த்து வளர்ந்தவர்கள். காலையில் வெட்டி எடுத்த பாலை அரித்து, தண்ணீர் சேர்த்து, தட்டுகளில் ஊற்றி, நீர்த்த ஆசிட்டைக் கலந்து உறையவைத்து, பிறகு ஷீட் அடிப்பதை அவர்கள் வீட்டிலேயே கண்டிருப்பார்கள். அந்த ஆசிட், ஃபார்மிக் அமிலம். இலத்தீனில் ‘ஃபார்மிகா’ என்றால் எறும்பு. 1671-இல் ஜான் ரே என்னும் ஆங்கிலேய இயற்கையறிஞர் எறும்புகளை வாலையில் இட்டு வடித்து எடுத்த அமிலமாதலால் அந்தப் பெயர் வந்தது. இதைச் சொன்னபோது, அப்பாவுக்கு ஷீட் அடிக்க உதவிவந்த என் மாணவன் ஒருவன் தன் விரல் இடுக்கைக் காட்டி, “முசுறு கடிச்சது மாதிரிதான் சார் எரியும்” என்றான். முசுறு என்னும் செவ்வெறும்பு கடித்த இடத்தில் பீய்ச்சுவதும் அதே அமிலம் என்று நான் சொல்ல வேண்டியதாயிற்று. அதன் பிறகு அந்த வகுப்பில் அந்த வேரை யாரும் மறக்கவில்லை.

அங்கிருந்து சொற்கள் தாமாகவே கிளைத்தன. ஆய்வகக் குப்பியில் தவளை மிதக்கும் ஃபார்மலின், மீன் கெடாமலிருக்கக் கலக்கிறார்கள் என்று செய்திகளில் அடிபடும் அதே ஃபார்மலின், அதன் மூலப்பொருளான ஃபார்மால்டிஹைடு, பழைய மயக்க மருந்தான குளோரோஃபார்ம் – எல்லாவற்றுக்குள்ளும் அந்த எறும்பு இருக்கிறது. குளோரோஃபார்மின் முன்பாதியைப் பிடித்தால் ‘குளோரோஸ்’, அதாவது வெளிர் பச்சை என்னும் கிரேக்கச் சொல். அது குளோரின் வாயுவின் நிறத்துக்கும், பச்சையம் எனப்படும் குளோரோஃபில்லுக்கும் கொண்டுபோய் விடுகிறது. ‘ஃபில்’ என்னும் துண்டு இலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

இந்த இடத்தில் ஒரு மாணவன், “அப்போ யூனிஃபார்மிலும் எறும்பா சார்?” என்று கேட்டான். இல்லை, அது ‘வடிவம்’ எனப் பொருள்படும் ‘ஃபார்மா’ என்னும் வேறொரு இலத்தீன் சொல். அவன் கேட்டது குறும்புக்காக இருக்கலாம். ஆனால் முழுப் பயிற்சியிலும் ஆகச் சிறந்த கேள்வி அதுதான். பிரித்து ஊகித்த பொருளை அகராதியில் சரிபார்க்கும் வழக்கத்தை அன்றைக்குத்தான் வகுப்பில் தொடங்கினேன். வாரத்துக்கு ஒரு வேர், அதைத் தாங்கிய நான்கைந்து சொற்கள், யூனிஃபார்ம் போல அந்த வேர் இருப்பதாகத் தோன்றி ஏமாற்றும் சொல் ஒன்று; இதற்கு மேல் கொடுக்க வேண்டாம்.

கேள்வி (செவிலியர் பட்டப்படிப்பு மாணவி, கருங்கல்): மருத்துவச் சொற்களில் ‘ஹைப்பர்’, ‘ஹைப்போ’ இரண்டும் எனக்குக் குழம்புகின்றன. ‘டமி’யில் முடியும் அறுவை சிகிச்சைப் பெயர்களும் அப்படியே. மனப்பாடம் செய்யாமல் நினைவில் வைக்க வழி உண்டா?

பதில்: உங்கள் படிப்பில் வேர்முறை வசதிக்காக அன்று, பாதுகாப்புக்காகவே தேவைப்படுகிறது. ‘ஹைப்பர்’ மேலே, ‘ஹைப்போ’ கீழே, இரண்டும் கிரேக்கம். சொல்லின் முடிவிலிருந்து தொடக்கத்தை நோக்கிப் படியுங்கள். ‘ஹைப்போகிளைசீமியா’ என்பதில் கடைசித் துண்டு ‘ஈமியா’, இரத்தத்தில். நடுவில் ‘கிளைக்’, இனிப்பு. முன்னால் ‘ஹைப்போ’, குறைவு. இரத்தத்தில் சர்க்கரை குறைவு என்று நம் வாக்கிய வரிசையிலேயே பொருள் வந்துவிடுகிறது பாருங்கள். ஹைப்பர் என்றால் இன்சுலின் தேவைப்படலாம், ஹைப்போ என்றால் சர்க்கரை கொடுக்க வேண்டும்; ஒன்றை மற்றொன்றாகக் கேட்டுவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தொலைபேசியில் இப்படிப்பட்ட சொல்லைக் கேட்டால், “குறைவா, கூடுதலா?” என்று தமிழிலேயே திருப்பிக் கேட்டு உறுதிசெய்துகொள்ளக் கூச்சப்படாதீர்கள்.

‘டமி’ என்னும் துண்டுக்கு வெட்டு என்று பொருள். வெறும் ‘ஒடமி’ வெட்டித் திறத்தல். ‘எக்டமி’ வெட்டி வெளியே எடுத்தல், ஏனெனில் ‘எக்’ என்றால் வெளியே. டான்சிலெக்டமியில் டான்சில் அகற்றப்படுகிறது. ‘ஆஸ்டமி’யில் இருப்பது ‘ஸ்டோமா’, அதாவது வாய். உடலில் புதிதாக ஒரு வாய் அமைப்பது, கொலாஸ்டமி போல. ‘ஆட்டம்’ என்று நீங்கள் பத்தாம் வகுப்பில் படித்த அணுவிலும் அதே வெட்டு இருக்கிறது: ‘அ’ என்னும் எதிர்மறையும் ‘டோம்’ என்னும் வெட்டும் சேர்ந்து, வெட்ட முடியாதது.

ஓர் உறுப்புக்கு இரண்டு பெயர்கள் இருப்பதும் உங்களைத் திணறவைத்திருக்கும். சிறுநீரகத்துக்குக் கிரேக்கத்தில் ‘நெஃப்ரோஸ்’, இலத்தீனில் ‘ரென்’. நோய்க்கும் துறைக்கும் பெரும்பாலும் கிரேக்கம் வருகிறது – நெஃப்ரைட்டிஸ், நெஃப்ராலஜி; உறுப்பைச் சார்ந்தது என்று அடைமொழியாகச் சொல்லும்போது இலத்தீன் வருகிறது – ரீனல். இரண்டையும் குறிப்பேட்டில் ஒரே வரியில் எழுதிவையுங்கள்.

கேள்வி (வாசகர், மணவாளக்குறிச்சி): எங்கள் ஊர் மணலில் இருக்கும் மோனசைட் என்ற பெயருக்குப் பொருள் உண்டா?

பதில்: உண்டு. ‘தனித்திருத்தல்’ என்னும் கிரேக்க வினையிலிருந்து வந்த பெயர் அது. அந்தக் கனிமத்தின் படிகங்கள் அரிதாகத் தனித்தே காணப்பட்டதால் அப்படி அழைத்தார்கள். ‘மோனோ’ என்னும் அதே ஒற்றைதான் துறவி மடத்தைக் குறிக்கும் ‘மோனஸ்ட்ரி’யிலும் இருக்கிறது. உங்கள் மணலின் மற்றொரு கனிமமான ரூட்டைலின் பெயருக்கு இலத்தீனில் செந்நிறம் என்று பொருள். ஆனால் இல்மனைட் ருஷ்யாவின் இல்மன் மலைகளால் பெயர் பெற்றது. அதை வேர் பிரித்துப் பார்த்துப் பயனில்லை. உங்கள் கடற்கரையில் தனிமைக்குப் பெயர்போன கனிமம் கறுப்பு மணலில் கூட்டமாகக் கிடப்பது வேடிக்கைதான்.

கேள்வி (தமிழாசிரியர், நாகர்கோவில்): தமிழ் வேர்களையே அறியாத தலைமுறைக்குக் கிரேக்கமும் இலத்தீனும் எதற்கு? இது இன்னொரு அடிமைப்புத்தி இல்லையா?

பதில்: முதல் வரியில் உள்ள வருத்தம் எனக்கும் உண்டு, இரண்டாவதை ஏற்கவில்லை. ‘பிஷப்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். நம் மாவட்டத்தில் அதைக் கேட்காதவர் இல்லை. அதன் கிரேக்க மூலம் ‘எபிஸ்கோபோஸ்’. ‘எபி’ மேலே, ‘ஸ்கோபோஸ்’ நோக்குபவர். பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பு அந்தச் சொல்லைக் ‘கண்காணி’ என்று பெயர்த்தது. கண்ணும் காண்பதும் சேர்ந்த இந்தத் தமிழ்ச் சொல்லின் அழகு, எபிஸ்கோபோஸ் என்பதைப் பிரித்துப் பார்த்தவருக்கே முழுதாகத் தெரியும். நுண்ணோக்கியின் ‘ஸ்கோப்’பும் இந்தக் கண்காணியின் உறவு என்பது கூடுதல் வரவு. ‘நல்ல’ என்னும் ‘யூ’வும் ‘செய்தி’ என்னும் ‘ஆங்கெலியா’வும் சேர்ந்த கிரேக்கச் சொல்லுக்கு ‘நற்செய்தி’ என்று துண்டுக்குத் துண்டு பெயர்த்தவர்கள் அடிமைப்புத்தியால் அதைச் செய்ததாக நீங்களும் சொல்லமாட்டீர்கள். அயல்மொழிச் சொல்லைப் பிரிக்கும் பிள்ளை, தமிழ்ச் சொல்லையும் ஒரு முறை திருப்பிப் பார்க்கிறது. என் வகுப்பில் நான் கண்டது அது.

கேள்வி (மீன்பிடித் தொழிலாளி, குளச்சல்): ஆறாம் வகுப்பு படிக்கும் மகனுக்கு 500 வேர்ச்சொற்கள் சொல்லித்தருவதாக ஒரு பயிற்சி வகுப்பில் பணம் கேட்கிறார்கள். சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த வயதுக்கு எண்ணுப்பெயர்கள் போதும். வலையில் அகப்படும் ஆக்டோபஸைக் காட்டி, எட்டுக் கால் என்பதே அதன் பெயர் என்று சொல்லுங்கள். அக்டோபரும் அதே எட்டுதான். பழைய ரோமானியர்களின் ஆண்டு மார்ச்சில் தொடங்கியதால் அது எட்டாவது மாதமாக இருந்தது. செப்டம்பர், நவம்பர், டிசம்பரை அவனே கண்டுபிடிக்கட்டும். பணத்துக்கு ஒரு நல்ல ஆங்கில–தமிழ் அகராதி வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி (கல்லூரி மாணவர், கன்னியாகுமரி): ‘பெனின்சுலா’ என்பதிலும் ‘ஐலண்ட்’ என்பதிலும் ஒரே வேர் இருப்பதாக விரிவுரையில் கேட்டேன். சரியா?

பதில்: பாதி சரி. நீங்கள் நிற்கும் முனையில் முடியும் தீபகற்பத்தைக் குறிக்கும் ‘பெனின்சுலா’, ‘ஏறக்குறைய’ எனப் பொருள்படும் ‘பேனே’வும் தீவு எனப் பொருள்படும் ‘இன்சுலா’வும் சேர்ந்தது, ஏறக்குறையத் தீவு. ‘ஐல்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் ‘இன்சுலா’வின் வழிவந்ததே. ஆனால் ‘ஐலண்ட்’ பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல். அதில் ‘ஸ்’ ஒலிக்கான எழுத்தே முதலில் இல்லை. ‘ஐல்’ என்பதற்கு உறவு என்று தவறாக எண்ணி, பிற்காலத்தில் எழுதியவர்கள் அதை உள்ளே நுழைத்தார்கள். அதனால்தான் அந்த எழுத்தை இன்றும் எழுதுகிறோம், ஒலிப்பதில்லை.