அப்பாவின் நினைவாக விமான அருங்காட்சியகத்துக்கு ஒரு லட்சம்: எதற்கென்று கொடுப்பது?

கேள்வி: என் அப்பா விமானப்படையில் 15 வருடம் மெக்கானிக்காக இருந்தவர். 'நாட்' (Gnat) என்ற போர் விமானங்களில் வேலை பார்த்தவர். போன வருடம் காலமானார். அவர் நினைவாக ஒரு விமான அருங்காட்சியகத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுக்க ஆசை. "பறக்காத விமானத்துக்கு எதுக்குப் பணம்? ஏதாவது பள்ளிக்கூடத்துக்குக் கொடு" என்கிறான் தம்பி. அந்தப் பணம் உண்மையில் எதற்குப் பயன்படும்? அப்பாவின் ஸ்பானர் பெட்டியும் அவர் கைப்பட எழுதிய நோட்டும் வீட்டில் இருக்கின்றன. அவற்றையும் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: தம்பி கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் பறக்காமல் நிற்கும் விமானத்துக்குத்தான் கவனிப்பு அதிகம் வேண்டும். பறந்த காலத்தில் உங்கள் அப்பாவைப் போன்றவர்கள் தினமும் அதைத் தொட்டுப் பார்த்தார்கள். நிறுத்திய பிறகு அதற்கென்று ஆள் கிடையாது.

விமானத்தின் உடம்பு பெரும்பாலும் அலுமினியக் கலவை. அலுமினியம் கெடாது என்று நினைக்கிறோம். சிவப்பாகத் துரு வராது, அவ்வளவுதான். இறக்கையின் அடியில் தண்ணீர் வடிய சின்னச் சின்ன ஓட்டைகள் உண்டு. புழுதியோ குருவிக்கூடோ அதை அடைத்தால் மழைத் தண்ணீர் உள்ளேயே தங்கும். வெட்டவெளியில் நிறுத்தியிருந்த ஒரு விமானத்தின் இறக்கை ஓரத்தை ஒருமுறை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். பெயின்ட் உரிந்து வந்தது. அடியில் உலோகம் பரோட்டா மாதிரி ஏடு ஏடாகப் பிரிந்து, நடுவில் வெள்ளை மாவாக உதிர்ந்தது. அந்த நிலைக்குப் போய்விட்டால் தகட்டை வெட்டி எடுத்துப் புதிதாக அடிப்பதைத் தவிர வழியில்லை. அது பெரிய செலவு. ஓட்டையை ஒரு கம்பியால் குத்தி விட்டிருந்தால் ஒரு ஆளின் அரை நாள் கூலியோடு முடிந்திருக்கும். நம் ஊர் வெயிலில் டயரில் வெடிப்பு விழும், காக்பிட் (விமானி உட்காரும் இடம்) மூடி நுண்ணிய விரிசல் விடும். கூரையும், டயர் மேல் பாரம் விழாமல் தாங்கும் ஸ்டாண்டும் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இதற்கெல்லாம்தான் நன்கொடை வேண்டும். ஆனால் இதற்கென்று கொடுப்பவர்கள் குறைவு. கோயிலை நினைத்துப் பாருங்கள். கும்பாபிஷேகத்துக்குப் பணம் குவியும். தினமும் விளக்கு எரிய எண்ணெய்க்குக் கொடுப்பவர் சிலர்தான். அதனால்தான் நம் முன்னோர் 'கட்டளை' என்று ஒரு ஏற்பாடு வைத்தார்கள்: நிலத்தையோ முதலையோ எழுதி வைத்து, அதன் வருமானத்தில் நித்திய பூஜை நடக்கும்படி செய்தார்கள். அருங்காட்சியகங்களின் மூலதன நிதியும் அதேதான்.

அப்படி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய உதாரணம் உண்டு. 1971 போரில் பங்கெடுத்த விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பல் மும்பையில் மிதக்கும் அருங்காட்சியகமாக இருந்தது. பராமரிக்க வழியில்லாமல் 2012-இல் மூடினார்கள். 2014-இல் உடைக்கத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் அது.

எதிர்ப்பக்கம் ஒன்று. நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் அணிந்திருந்த உடையின் ரப்பர் பாகங்கள் சிதைந்துகொண்டிருந்ததால், அதை 2006-இல் காட்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2015-இல் அதை வைத்திருக்கும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் பொதுமக்களிடம் நன்கொடை கேட்டது. 9,000-க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து 7 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். உடையை ஆராய்ந்து, அதற்கேற்ற கண்ணாடிப் பேழை செய்து, 2019 ஜூலையில் மறுபடி மக்கள் முன் வைத்தார்கள். கொடுத்தவர்களில் பெரும்பாலோர் உங்களையும் என்னையும் போன்றவர்கள்.

சரி, பள்ளிக்கூடம்? தம்பிக்கு இதைச் சொல்லுங்கள். மதுரை காந்தி மியூசியத்தில் காந்தியின் ரத்தக்கறை படிந்த அந்தத் துணியின் முன்னால் நின்றிருப்பீர்கள். புத்தகத்தில் படம் பார்ப்பதும் அதுவும் ஒன்றா? விமானமும் அப்படித்தான். ஒருமுறை காக்பிட்டில் ஒரு எட்டாம் வகுப்புப் பெண்ணை உட்காரவைத்து, விமானத்தைச் சாய்க்கும் கைப்பிடியான ஸ்டிக்கை இடப்பக்கம் சாய்க்கச் சொன்னோம். இடது இறக்கையின் பின்விளிம்பில் இருந்த தகடு மேலே எழுந்தது, வலதுபக்கம் இருந்தது கீழே இறங்கியது. அவள் மறுபடி வலப்பக்கம் சாய்த்தாள். மூன்றாம் தடவை, "அப்ப இடது இறக்கையில தூக்குற விசை குறையும், விமானம் அந்தப் பக்கம் சாயும், இல்லையா சார்?" என்று அவளே கேட்டாள். ஒரு பாடம் முழுக்க அந்தக் கேள்வியில் இருந்தது. உள்ளே ஓடும் கம்பியும் கப்பியும் கெடாமல் இருந்ததால்தான் அது நடந்தது. ஆகவே பராமரிப்பு வேறு, கல்வி வேறு இல்லை. உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ ஒரு அரசுப் பள்ளி வகுப்பை வெளியூர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போக வேன் வாடகை, சாப்பாட்டுச் செலவுக்கு ஸ்பான்சர் செய்வதும் நல்ல நன்கொடை. அக்கா-தம்பி இருவர் மனதும் நிறையும்.

நடைமுறைக்கு வருவோம். முதலில் அந்த இடத்தை நடத்துவது அரசா, படையா, அறக்கட்டளையா என்று பாருங்கள். பணம் வாங்கும் முறை இடத்துக்கு இடம் மாறும். கேட்டு எழுதுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். "பராமரிப்புக்கும் மாணவர் வருகைக்கும், எது அவசரமோ அதற்கு" என்று கொடுத்தால் அவர்கள் கை கட்டப்படாது. பெயர்ப்பலகை கேட்க வேண்டாம் என்பது என் தனிப்பட்ட எண்ணம். நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை (80ஜி என்று அறியப்பட்டது) வேண்டுமென்றால் அந்த நிறுவனத்துக்கு அந்தப் பதிவு இருக்க வேண்டும். ரூ.2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கும் கிடையாது. பொருளாகக் கொடுப்பதற்கும் கிடையாது.

அப்புறம் ஸ்பானர் பெட்டியும் நோட்டும். தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் நிரந்தரமாகவா இரவலாகவா என்பதை எழுதிக்கொள்ளுங்கள். கொடுத்த பொருள் எப்போதும் காட்சியில் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். உள்ளறையில் பத்திரமாக இருப்பதும் பாதுகாப்புதான்.

அதுவரை நோட்டை லேமினேட் செய்துவிடாதீர்கள். நல்லெண்ணத்தில் பலர் செய்யும் தவறு அது, திருப்பவே முடியாது. கிழிந்த பக்கத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், அதன் பசை காகிதத்தில் பழுப்பாக இறங்கும். ஸ்பானர்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். உங்கள் அப்பா கைபட்டுத் தேய்ந்த பிடியும் அவர் பொறித்த எழுத்தும் இருந்தால் அவைதான் அந்தப் பெட்டியின் மதிப்பு.

அப்பாவின் பழைய போட்டோக்கள் இருந்தால், அம்மாவையோ அவரோடு வேலை பார்த்த யாரையோ பக்கத்தில் உட்காரவைத்து, யார் யார், எந்த ஊர், எந்த வருடம் என்று கேட்டு, பின்பக்க ஓரத்தில் பென்சிலால் மெதுவாக எழுதிவிடுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், அழுத்திய தடம் முன்பக்கம் தெரியும். பணத்தை அடுத்த மாதம்கூட அனுப்பலாம். இதை இந்த வாரமே செய்துவிடுங்கள்.