கேள்வி-பதில்: அமெரிக்க எஸ்டேட் வரி

கேள்வி: நானும் கணவரும் அமெரிக்கக் குடிமக்கள், மாசசூசெட்ஸில் இருக்கிறோம். வீடு, ஷேர்கள், 401(கே) எனும் ஓய்வுக்காலச் சேமிப்பு, ஆயுள் காப்பீடு எல்லாம் தலா 10 லட்சம் டாலர். மொத்தம் 40 லட்சம். அனைத்தும் கணவர் பெயரில். உயிலிலும் நாமினேஷனிலும் என் பெயர் மட்டும்தான். ஒன்றரைக் கோடி டாலர் வரை எஸ்டேட் வரியே இல்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அப்படியென்றால் நாங்கள் எதுவும் செய்ய வேண்டாமா?

பதில்: செய்யத்தான் வேண்டும். ஒருவர் இறந்தபின் அவர் விட்டுச்சென்ற மொத்தச் சொத்துக்கு, அதாவது எஸ்டேட்டுக்கு, போடுவதுதான் எஸ்டேட் வரி. 2026-ல் ஒன்றரைக் கோடி டாலர் என்பது மத்திய அரசு வரிக்கான வரம்பு. மாசசூசெட்ஸ் தனியாக ஓர் எஸ்டேட் வரி போடுகிறது. அதன் வரம்பு 20 லட்சம்தான். ஆரிகனில் இன்னும் குறைவு, 10 லட்சம். இன்ஷூரன்ஸ் பணத்துக்கு வருமான வரி இல்லை என்பதால் இதிலும் சேராது என்று பலர் நினைக்கிறார்கள். பாலிசி இறந்தவருக்குச் சொந்தமாக இருந்தால் முழுத் தொகையும் கணக்கில் வரும்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். கணவர் முதலில் இறந்து எல்லாம் உங்களுக்கு வந்தால், துணைவருக்குப் போகும் சொத்தைக் கழித்துவிடும் விதியால் (துணைவருக்கான கழிவு) அப்போது வரி பூஜ்யம். பிறகு உங்கள் காலத்துக்குப் பின் 40 லட்சமும் ஒரே எஸ்டேட்டாக நிற்கும். அதற்கு மாநில வரி 2,80,400 டாலர். 20 லட்ச வரம்புக்கு ஈடான சலுகை 99,600 போக, பிள்ளைகள் கட்ட வேண்டியது 1,80,800. கணவருக்கு உரிய 20 லட்ச வரம்பு யாருக்கும் பயன்படாமலே போயிருக்கும். மத்திய வரியில், இறந்தவர் பயன்படுத்தாத வரம்பை 706 எனும் எஸ்டேட் வரிப் படிவம் போட்டுத் துணைவருக்கு மாற்றிக்கொள்ளலாம். இந்த மாநிலத்தில் அந்த வசதி இல்லை.

வழி இதுதான். இன்ஷூரன்ஸும் ஷேர்களும் சேர்ந்த 20 லட்சம், கணவர் இறந்ததும் ஒரு டிரஸ்ட்டுக்குப் போகட்டும். அதன் வருமானம் ஆயுள் முழுக்க உங்களுக்கு, அசல் பிள்ளைகளுக்கு. வீடும் 401(கே)யும் நேராக உங்களுக்கு. அவர் டிரஸ்ட்டில் 20, உங்கள் கையில் 20. இன்றைய மதிப்பில் இரண்டு தடவையும் வரி இல்லை. வருமான வரிச் சிக்கல் இருப்பதால் 401(கே)யை டிரஸ்ட்டில் கொண்டுபோய்ப் போடாதீர்கள்.

இது கெட்டுப்போகும் இடம் பெரும்பாலும் நாமினேஷன் படிவம்தான். வக்கீல் டிரஸ்ட்டை அருமையாக எழுதியிருப்பார். இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் உள்ள பழைய படிவத்தில் மனைவி பெயரே இருக்கும். உயில் என்ன சொன்னாலும் பணம் அந்தப் படிவத்தின்படியே போகும். ஷேர் கணக்கை இருவர் பெயருக்கும் ஜாயின்டாக மாற்றினாலும் இதே கதி; உயிரோடிருப்பவருக்கு அது தானாகப் போய்விடும், டிரஸ்ட்டுக்கு எதுவும் மிஞ்சாது. இன்னொரு எச்சரிக்கை: அசலை இஷ்டப்படி எடுக்கும் அதிகாரத்தை உங்களுக்குக் கொடுத்தால் டிரஸ்ட் சொத்தும் உங்கள் எஸ்டேட்டில் சேர்ந்துவிடும். மருத்துவம், படிப்பு, வாழ்க்கைச் செலவு என்று வரம்பு கட்டி எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் அமெரிக்கக் குடிமகன். மனைவியிடம் கிரீன் கார்டு. பாதிச் சொத்தை இப்போதே அவர் பெயருக்கு மாற்றலாமா?

பதில்: ஒரே வருடத்தில் மாற்றாதீர்கள். குடிமகனான துணைவருக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். குடியுரிமை இல்லாத துணைவருக்கு 2026-ல் 1,94,000 டாலர் வரைதான் கணக்கில் வராது. மிஞ்சியது உங்கள் ஆயுள்கால வரம்பான அந்த ஒன்றரைக் கோடியில் கழியும், 709 எனும் கிஃப்ட் வரிப் படிவமும் போட வேண்டும். உயில் வழியாகப் போனாலும் துணைவருக்கான முழுக் கழிவு இல்லை. கியூடாட் எனும் தனி டிரஸ்ட் வழியாகப் போனால்தான் உண்டு. ஆனால் ஒன்றரைக் கோடிக்குக் கீழே மொத்தச் சொத்து இருந்தால் மத்திய வரியைப் பொறுத்தவரை அந்த டிரஸ்ட்டுக்கு அவசியமில்லை.

ஜாயின்ட் வீட்டில் கவனம் தேவை. இருவரும் குடிமக்கள் என்றால் பாதி மதிப்புதான் இறந்தவர் கணக்கு. உங்கள் விஷயத்தில், மனைவி தன் பணத்தைப் போட்டார் என்று நிரூபித்த பங்கு தவிர, முழு வீடும் உங்கள் எஸ்டேட்டில் வரும். முன்பணமும் தவணையும் அவர் சம்பளக் கணக்கிலிருந்து போயிருந்தால் அந்த பேங்க் ஸ்டேட்மென்டுகளை இன்றே எடுத்து வையுங்கள். இருபது வருடம் கழித்து வங்கியிடம் அவற்றைப் பெறுவது கடினம்.

கேள்வி: எச்-1பி விசாவில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு கோவைக்கே திரும்பிவிட்டேன். கம்பெனி கொடுத்த அமெரிக்க ஷேர்கள் 2 லட்சம் டாலர் அளவுக்கு இருக்கின்றன. இந்தியாவில்தான் எஸ்டேட் வரி இல்லையே?

பதில்: இந்தியாவில் இல்லை, 1985 மார்ச் 16 முதல் நேர்ந்த இறப்புகளுக்கு அதை எடுத்துவிட்டார்கள். உங்களைத் தொடுவது அமெரிக்க வரி. அமெரிக்காவில் நிரந்தரமாக வசிக்காத, குடியுரிமையும் இல்லாதவருக்கு ஒன்றரைக் கோடி வரம்பு கிடையாது. அவருக்கு 60,000 டாலர்தான். எந்த நாட்டுக் கணக்கில் வைத்திருந்தாலும், அமெரிக்காவில் பதிவான கம்பெனியின் ஷேர் அமெரிக்கச் சொத்து. 2 லட்சத்துக்கு வரி 54,800. 60,000 வரம்புக்கு ஈடான சலுகை 13,000 போக 41,800 டாலர். வருமான வரிக்கு இரு நாட்டுக்கும் ஒப்பந்தம் உண்டு, எஸ்டேட் வரிக்கு இல்லை. வாரிசுகள் ஒன்பது மாதத்துக்குள் 706-என்ஏ படிவம் போட வேண்டும். வரி விஷயம் முடிந்தது என்று அமெரிக்க வரித்துறை தரும் டிரான்ஸ்ஃபர் சர்டிஃபிகேட் கையில் வரும்வரை புரோக்கர் கணக்கை விடுவிக்க மாட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை நாளும் வீட்டுக்காரர்கள் அலைய வேண்டியிருக்கும்.

சுலபமான வழி, விற்றுவிட்டு இந்தியாவிலோ அயர்லாந்திலோ பதிவான ஃபண்டுக்கு மாறுவது. ஃபண்டுக்குள் அமெரிக்க ஷேர்களே இருந்தாலும் யூனிட் அமெரிக்கச் சொத்தாகாது. விற்ற லாபத்துக்கு அமெரிக்காவில் வரி இல்லை. இந்தியாவில், 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் 12.5 சதவீதமும் அதன் மேல் செஸ் முதலியனவும். விற்க மனமில்லை என்றால், உயிரோடிருக்கும்போதே குடும்பத்தினருக்குப் பிரித்துக் கொடுக்கலாம். அமெரிக்காவில் வசிக்காத, குடியுரிமையும் இல்லாதவர் தரும் ஷேர்களுக்கு அமெரிக்க கிஃப்ட் வரி இல்லை. ஒவ்வொருவர் பெயரிலும் 60,000-க்குக் கீழே இருக்கட்டும். கொடுத்தால் முழுதாகக் கொடுத்துவிடுங்கள். டிவிடெண்டை நீங்கள் வாங்கிக்கொண்டால் திரும்பவும் உங்கள் எஸ்டேட்டுக்கே வந்துவிடும். மனைவிக்குக் கொடுத்த ஷேரின் வருமானம் இந்தியாவில் உங்கள் வருமானத்தோடு சேர்க்கப்படும்; வயது வந்த பிள்ளைக்குக் கொடுத்தால் சேர்க்க மாட்டார்கள்.

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறேன். மதுரையில் அப்பா காலமாகி, வீடு என் பெயருக்கு வந்தது. விற்கப்போகிறேன். அமெரிக்காவுக்கு என்ன சொல்ல வேண்டும்?

பதில்: அப்பா அமெரிக்காவில் வசித்தவர் அல்ல, அங்கே சொத்தும் இல்லை என்றால் எஸ்டேட் வரிப் பேச்சே இல்லை. ஆனால் விற்பனை லாபத்தை இரண்டு நாடும் இரண்டு விதமாகக் கணக்கிடும். அமெரிக்கக் கணக்கில் உங்கள் அடக்க விலை, அப்பா இறந்த நாளின் சந்தை மதிப்பு. இந்தியாவில், அவர் வாங்கிய விலை. 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியது என்றால் அந்த ஏப்ரல் 1-ன் மதிப்பையும் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே இந்தியாவில் பெரிய லாபமும் அமெரிக்காவில் சொற்ப லாபமும் தெரியும். ரெஜிஸ்டர்டு வேல்யூவரிடம் இரண்டு தேதிகளுக்கும் எழுத்தில் ரிப்போர்ட் வாங்கிவிடுங்கள்.

நீங்கள் என்ஆர்ஐ என்பதால் வாங்குபவர் முழு விலையிலிருந்து டிடிஎஸ் பிடிப்பார். குறைந்த டிடிஎஸ் சான்றிதழுக்குக் கிரயத்துக்கு முன்பே விண்ணப்பியுங்கள். பிறகு போனால் ரீஃபண்டுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

வீட்டு மதிப்பு 1 லட்சம் டாலரைத் தாண்டினால், அது உங்களுக்கு வந்த வருடத்துக்கு, வெளிநாட்டிலிருந்து வந்த சொத்தை அமெரிக்க வரித்துறைக்குத் தெரிவிக்கும் 3520 படிவம் கட்டாயம். வரி ஏதும் இல்லை, தகவல் மட்டும்தான். வருமான வரி ரிட்டர்னோடு சேர்க்காமல் தனியாக அனுப்ப வேண்டும். விட்டுவிட்டால் மாதத்துக்கு 5 சதவீதம் வீதம், 25 சதவீதம் வரை அபராதம் போடச் சட்டம் இடம் தருகிறது. விற்கும் வருடத்தில் போட்டால் போதும் என்று நினைத்துத்தான் பலர் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.